போதகரும் ஆர்கனிஸ்டும் ஒரே கூரையின் கீழ்: நியூயார்க்கில் மூடப்பட்டு நியூ ஹேவனில் தொடர்ந்த ஓர் இசைப்பள்ளி

அப்பா ஆர்கன் வாசித்த சபையில், சனிக்கிழமை இரவு எட்டு மணி வாக்கில் ஆலய ஊழியரான கோயில்பிள்ளை ஒரு துண்டுச்சீட்டோடு வாசலில் வந்து நிற்பார். மறுநாள் ஆராதனைக்கான பாமாலை எண்கள் மூன்று, கீர்த்தனை எண்கள் இரண்டு. பிரசங்க வாக்கியம் எது, திருச்சபை நாட்காட்டியில் அது என்ன ஞாயிறு, எந்தப் பாட்டை எதற்காகத் தேர்ந்தார்கள் என்று ஒரு வார்த்தை இருக்காது. குருவானவருக்கு இசை தெரியாது என்பது அப்பாவின் புகார். ஆர்கனிஸ்டுக்கு வேதம் தெரியாது என்பது குருவானவரின் புகாராக இருந்திருக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குருவானவர்கள் மாறினார்கள், சீட்டு மாறவில்லை.

அந்தச் சீட்டை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இந்த நிகழ்வைப் படிக்கத் தொடங்கினேன். நியூயார்க்கின் யூனியன் இறையியல் கல்லூரி 1928இல் திருச்சபை இசைக்கென ஒரு முதுநிலைப் பள்ளியைத் தொடங்கியது. 45 ஆண்டுகள் நடத்திவிட்டு 1973இல் கைவிட்டது. அதே ஆண்டு அப்பள்ளியின் தலைவரும் ஆசிரியர்கள் இருவரும் நியூ ஹேவன் நகரிலுள்ள யேல் பல்கலைக்கழகத்துக்குக் குடிபெயர்ந்து, வேறொரு பெயரில் வேலையைத் தொடர்ந்தார்கள். ஆலய இசையையே பிழைப்பாகக் கொள்ளப்போகிறவர்களுக்கான உயர்கல்வி எதன் மேல் நிற்கிறது, எங்கே சாய்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. போதகராகப் போகிறவரையும் இசைக்கலைஞராகப் போகிறவரையும் ஒரே வளாகத்தில் பயிற்றுவிப்பதே அந்தப் பள்ளியின் மூலக்கருத்து. அதனால் மிகுந்த பயன் பெறக்கூடிய இறையியல் கல்லூரியே அதை முதலில் கைகழுவியது. இந்த ஆய்வு அந்த இடத்தைச் சுற்றியே போகும்.

டிக்கின்சன் தம்பதியர்

கிளாரன்ஸ் டிக்கின்சன் 1873இல் இண்டியானா மாநிலத்தின் லஃபாயெட் நகரில் பிறந்தவர். பெர்லினிலும் பாரிஸிலும் ஆர்கன் கற்றுத் திரும்பியவர். பாரிஸில் கில்மானும் வியர்னும் அவருடைய ஆசிரியர்கள். 1896இல் அமெரிக்க ஆர்கனிஸ்டுகள் சங்கம் உருவானபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் ஒருவர். 1909இல் நியூயார்க்கின் பிரிக் பிரஸ்பிட்டேரியன் ஆலயத்துக்கு ஆர்கனிஸ்டாக வந்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்த இருக்கையை விட்டு எழவில்லை. 1912இல் யூனியன் கல்லூரியின் இசைப் பொறுப்பும் அவரிடம் வந்தது.

அன்றைய அமெரிக்கப் புராட்டஸ்டன்ட் ஆலயங்களில் பணத்துக்குக் குறைவில்லை. வசதியான சபைகள் ஆளுயரக் குழாய்களோடு ஆர்கன்களை நிறுவின. பல இடங்களில் பாடகர் குழுவுக்குப் பதிலாகச் சம்பளம் வாங்கும் நான்கு தனிப்பாடகர்கள் மட்டும் மேடையில் நின்று பாடினார்கள், சபையார் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆர்கனிஸ்ட் ஆவதற்கு ஒரு மூத்த ஆர்கனிஸ்டிடம் தொண்டூழியமாகக் கிடக்க வேண்டும், அல்லது கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போக வேண்டும். ஆர்கனிஸ்டுகள் சங்கம் தேர்வுகள் வைத்தது. அந்தத் தேர்வுகளைக் கண்டு நல்ல வாசிப்பாளர்களே நடுங்கினார்கள். ஆனால் தேர்வு திறமையை அளக்கும். ஆராதனை என்றால் என்ன, சங்கீதத்துக்கும் சுவிசேஷ வாசிப்புக்கும் நடுவில் இசை என்ன செய்கிறது என்று யாரும் உட்கார்ந்து கற்றுத்தந்ததில்லை.

டிக்கின்சனின் மனைவி ஹெலன் இந்தக் கதையில் பாதிக்கு மேல் இடம் பெற வேண்டியவர். ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். கலை வரலாறும் வழிபாட்டு வரலாறும் அவர் துறை. கணவர் மறக்கப்பட்ட பழைய பாடகர் குழுப் படைப்புகளைத் தேடிப் பதிப்பிக்க, அவற்றின் வரிகளை ஆங்கிலத்தில் பாடத்தக்கதாக ஆக்கித் தந்தவர் அவர். யூனியனில் அவர் வழிபாட்டையும் சமயக் கலையையும் பாடமாக நடத்தினார். ஓர் இசைப்படைப்பு எழுதப்பட்ட காலத்தில் ஆலயத்தின் சுவரில் என்ன ஓவியம் இருந்தது, பலிபீடம் எங்கே இருந்தது, மக்கள் நின்றார்களா உட்கார்ந்தார்களா என்று ஆர்கன் மாணவனுக்குச் சொல்லித்தருவது 1928இல் புதுமை. இன்றும் பல இசைக்கல்லூரிகளில் அது புதுமைதான்.

கல்லூரித் தலைவர் ஹென்றி ஸ்லோன் காஃபின் இவர்களுக்குத் துணை நின்றார். 1926இல் பதவியேற்கும் முன் அவர் மேடிசன் அவென்யூ பிரஸ்பிட்டேரியன் ஆலயத்தின் போதகர். ஞாயிறு காலையில் பிரசங்கமும் பாட்டும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் சங்கடத்தை அனுபவித்தே அறிந்திருப்பார் என்று நினைக்கிறேன். ஓர் இறையியல் கல்லூரிக்குள் இசைக்கென்று தனிப் பள்ளி, தனிப் பட்டம் என்ற முடிவுக்கு ஒரு முன்னாள் போதகரின் ஆதரவு இருந்தது தற்செயல் அல்ல.

பட்டத்தின் பெயர் ‘மாஸ்டர் ஆஃப் சேக்ரட் மியூசிக்’. பின்னர் முனைவர் பட்டமும் வந்தது. ஆர்கன், குரலிசை, குழு நடத்துதல், ஒத்திசையும் எதிர்ச்சுரமும், பாமாலை வரலாறு, வழிபாட்டியல் என்று படிப்பு விரிந்தது. கச்சேரி மேடைக்குப் போகிறவன் தவிர்த்துவிடக்கூடிய சில திறமைகள் இங்கே உயிர்நாடி. பாடகர் குழுவில் சுரம் படிக்கத் தெரியாத பத்துப் பேரை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் நான்கு குரலை ஒட்டவைக்க வேண்டும். காணிக்கைத் தட்டு கடைசி வரிசையை எட்டும்வரை, எழுதி வைக்காத இசையை அந்த நொடியில் உருவாக்கி வாசிக்க வேண்டும். தட்டு எட்டியதும் பாதியில் வெட்டாமல் முடிக்கவும் வேண்டும். நம் ஊர் ஆர்கனிஸ்டுகளுக்கு இந்தக் கடைசி வித்தை பள்ளிக்கூடம் போகாமலேயே கைவரும் என்பதை இங்கே பெருமையோடு குறித்துவைக்கிறேன்.

நகரமே பயிற்சிக்கூடம்

யூனியன் கல்லூரி மன்ஹாட்டனின் மார்னிங்சைட் ஹைட்ஸ் பகுதியில் இருக்கிறது. பிராட்வே சாலைக்கு அந்தப் பக்கம் கொலம்பியா பல்கலைக்கழகம். இந்தப் பக்கம் ரிவர்சைட் ஆலயம். சற்றுத் தெற்கே புனித யோவான் பேராலயம். வடக்கிலும் கிழக்கிலும் ஹார்லெம். இசைப்பள்ளியின் மாணவர்கள் வாரநாட்களில் கற்றதை ஞாயிறுகளில் நகரத்தின் ஆலயங்களில் செய்து பார்த்தார்கள். ஆசிரியர்களும் அப்படித்தான். வியாழக்கிழமை வகுப்பில் ஒரு பாட்டை எப்படித் தொடங்குவது என்று சொன்னவர் ஞாயிறன்று அதே பாட்டைத் தம் ஆலயத்தில் தொடங்குவதை மாணவன் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். டிக்கின்சனுக்குப் பிறகு 1945இல் தலைவரான ஹியூ போர்ட்டரும், 1960இல் அவர் இறந்தபின் பொறுப்பேற்ற ராபர்ட் பேக்கரும் ஆலயத்தில் வேலை பார்த்துக்கொண்டே கற்பித்தவர்கள். பேக்கர் யூனியனிலேயே இரு பட்டங்களையும் பெற்றவர். ஐந்தாம் அவென்யூவின் எமானு-எல் யூத ஆலயத்திலும் ஆர்கன் வாசித்தார். கிறிஸ்தவ இசைப்பள்ளியின் தலைவர் ஓய்வுநாள் வழிபாட்டில் யூதர்களுக்கு வாசிப்பது அந்த நகரத்தில் யாருக்கும் வியப்பாகத் தெரியவில்லை.

அதே வளாகத்தில் இன்னொரு பக்கம் இறையியல். ரெயின்ஹோல்ட் நீபர் பேராசிரியராக வந்ததும் 1928இல்தான். 1933இல் பால் டில்லிக் ஜெர்மனியிலிருந்து வந்து சேர்ந்தார். நீபர் வகுப்பில் உட்கார்ந்த போதக மாணவனும் பாக்கின் ஃபியூக் என்ற பல குரல் பின்னல் இசையோடு மல்லுக்கட்டிய ஆர்கன் மாணவனும் ஒரே சிற்றாலயத்தில் வழிபட்டார்கள், ஒரே உணவுக்கூடத்தில் சாப்பிட்டார்கள். பிற்காலத்தில் இந்தப் பள்ளியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாடத்திட்டத்தைவிட இந்தப் பக்கவாட்டு உறவைத்தான் அதிகமாகச் சொல்கிறார்கள். நானும் அதைத்தான் முக்கியம் என்பேன். ஆர்கனைக் கற்றுத்தர நல்ல இசைக்கல்லூரிகள் பல இருந்தன. சனிக்கிழமைச் சீட்டின் இரு முனைகளையும் ஒரே மேசையில் உட்காரவைத்த இடங்கள் மிகக் குறைவு.

குறையும் இருந்தது. 1930இல் யூனியனுக்கு ஒரு கல்வியாண்டு படிக்க வந்த ஜெர்மன் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹாஃபர், சக மாணவர் ஒருவரின் அழைப்பில் ஹார்லெமின் அபிசீனியன் பாப்டிஸ்ட் ஆலயத்துக்குப் போகத் தொடங்கினார். கறுப்பின மக்களின் ஆன்மிகப் பாடல்கள் அவரை உலுக்கின. இசைத்தட்டுகளை வாங்கிக்கொண்டு ஜெர்மனிக்குத் திரும்பி, பின்னாளில் ஃபிங்கன்வால்டேயில் தாம் நடத்திய போதகர் பயிற்சிக்கூடத்தில் தம் மாணவர்களுக்கு அவற்றைப் போட்டுக் காட்டினார். இசை படிக்க வராத ஓர் இறையியல் மாணவர், சில தெருக்கள் தள்ளிக் கேட்ட இசையைத் தம்மோடு எடுத்துப்போனார். இசைப்பள்ளியின் நடுத்தூணோ ஐரோப்பிய மரபு. பாக், லூத்தரன் சபைப் பாடல்களான கோரால்கள், ஆங்கிலேயப் பேராலய இசை ஆகியவற்றின் மேல் அது நின்றது. அதைக் குற்றமாகச் சொல்ல வேண்டியதில்லை. டிக்கின்சன் தலைமுறைக்கு அதுவே ‘நல்ல’ இசை. ஆனால் அறுபதுகளில் அந்தத் தூணைச் சுற்றி நிலம் நகர்ந்தபோது பள்ளி தடுமாறியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

படித்து வெளியேறியவர்கள் எங்கே போனார்கள் என்று பார்த்தால் பள்ளியின் வீச்சு தெரியும். ஃபிரெடெரிக் ஸ்வான் 1954இல் பட்டம் பெற்று, அடுத்த வாசலிலேயே இருந்த ரிவர்சைட் ஆலயத்தின் ஆர்கனிஸ்ட் ஆனார். 1982இல் கலிஃபோர்னியாவின் கிரிஸ்டல் கதீட்ரலுக்குப் போய், தொலைக்காட்சி ஆராதனை வழியாக உலகம் முழுவதும் கேட்கப்பட்டார். லாயிட் ஃபாட்ஷ் டெக்ஸஸுக்குப் போய் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் இதே வகை முதுநிலைப் படிப்பை வளர்த்தார். ஆஸ்டின் லவ்லேஸ் பாமாலை மெட்டுகளுக்குப் பெயர் பெற்றார்.

நம் பக்கத்துக்கு நெருக்கமான பெயர் ஒன்று உண்டு. தைவானைச் சேர்ந்த இ-டோ லோ 1966இல் யூனியனில் திருச்சபை இசை முதுநிலைப் பட்டம் பெற்றார். பிறகு இசை இனவியல் பக்கம் திரும்பி, ஆசிய நாடுகளில் ஊர் ஊராகப் போய்ச் சபைகளின் சொந்தப் பாட்டுகளைத் திரட்டினார். ஆசியக் கிறிஸ்தவ மாநாட்டுக்காக அவர் பதிப்பித்த பாமாலைத் தொகுப்பு 1990இல் வெளிவந்தது. இந்தியப் பாடல்களும் அதில் உண்டு. மேற்கத்திய நான்கு குரல் ஒத்திசையை எல்லாப் பாட்டுக்கும் போர்த்தக்கூடாது என்று வாழ்நாள் முழுவதும் வாதிட்டவர் அவர். ஐரோப்பியத் தூணைப் பிடித்துக்கொண்டிருந்த பள்ளியிலிருந்துதான் அவரும் வந்தார். ஒரு பள்ளி தான் கற்றுத்தராததற்கும் சில நேரம் வழிவிடுகிறது.

கதவு மூடிய ஆண்டு

1960களின் கடைசியில் பல காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வழிபாடு பற்றிய ஆவணத்தை வெளியிட்டபின், கத்தோலிக்கத் திருப்பலி லத்தீனை விட்டு மக்கள் மொழிக்கு வந்தது. கூடவே கித்தாரும் வந்தது. புராட்டஸ்டன்ட் சபைகளிலும் இளையோர் ஆர்கனைப் பழைய மேசை நாற்காலிபோலப் பார்க்கத் தொடங்கினார்கள். பிரஸ்பிட்டேரியன், மெதடிஸ்ட், எபிஸ்கோப்பல் முதலான பழைய பெரிய சபைகளின் உறுப்பினர் எண்ணிக்கை அறுபதுகளின் நடுவிலிருந்து சரிந்தது. முழுநேர இசைக்கலைஞருக்குச் சம்பளம் தரக்கூடியவை பெரும்பாலும் இந்தச் சபைகள்தாம்.

யூனியன் இருந்த இடமே கொந்தளித்தது. 1968இல் கொலம்பியா மாணவர் போராட்டம் பக்கத்துத் தெருவில் நடந்தது. 1969 மே 4ஆம் தேதி கறுப்பின உரிமைப் போராளி ஜேம்ஸ் ஃபோர்மன் ரிவர்சைட் ஆலயத்தின் ஞாயிறு ஆராதனையை நிறுத்தி, அடிமைமுறைக்கு இழப்பீடாக வெள்ளையர் சபைகளும் யூத ஆலயங்களும் 50 கோடி டாலர் தர வேண்டும் என்ற அறிக்கையை வாசித்தார். நகரத்தின் வறுமை, போர், இனநீதி ஆகியவையே இறையியல் கல்லூரியின் அன்றாடக் கேள்விகளாயின. இந்தச் சூழலில், பற்றாக்குறையில் ஓடும் ஒரு கல்லூரியின் நிதிக்குழு முன்னால் ஆர்கன் பாடத்தின் செலவுக் கணக்கு வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆர்கன் பாடம் ஒரு ஆசிரியர் ஒரு மாணவர் என்று நடப்பது. அறுபது பேரை உட்காரவைத்து ஒரே நேரத்தில் காலால் வாசிக்கும் பெடல் கற்றுத்தர முடியாது. கருவிகளைப் பராமரிக்க வேண்டும், பயிற்சி அறைகள் வேண்டும். விரிவுரையால் ஓடும் இறையியல் துறையின் பக்கத்தில் வைத்தால் இந்தக் கணக்கு எப்போதும் தோற்கும்.

இங்கே ஓர் அமைப்புப் பிழையும் இருந்தது. யூனியனின் இசைப்பள்ளிக்குத் தனிப் பட்டம், தனிப் பெயர், தனிப் பெருமை எல்லாம் இருந்தன. ஆனால் கணக்குப் புத்தகத்தில் அது தாய்க் கல்லூரியின் ஒரு வரி. நெருக்கடி வந்தால் வெட்டுவதற்கு வசதியான வரி. போதகர் படிப்பை நிறுத்தினால் அது இறையியல் கல்லூரியே இல்லை. இசைப் படிப்பை நிறுத்தினால் கல்லூரி நிற்கும். 1970களின் தொடக்கத்தில் முடிவு எடுக்கப்பட்டது. அந்த நிதிக்குழுவைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இருபது ஆண்டுகள் கழித்து ஆராதனை இசை பற்றிச் சபைகள் இரண்டுபட்டு அடித்துக்கொண்டபோது, அந்தச் சண்டையில் நடுவராக நிற்கத் தெரிந்த போதகர்கள் இன்னும் கொஞ்சம் பேர் இருந்திருக்கலாம் என்று எண்ணாமல் இருக்கவும் முடியவில்லை.

ஒரு விதவையும் ஒரு டீசல் எஞ்சின் நிறுவனமும்

பேக்கர் சும்மா இருக்கவில்லை. பள்ளியை அப்படியே வேறொரு பல்கலைக்கழகத்தில் நட முடியுமா என்று தேடினார். உதவி வந்த வழி விசித்திரமானது. யூனியனில் இசை வரலாறு கற்பித்த ராபர்ட் டேஞ்ச்மன் 1964இல் காலமாகியிருந்தார். அவருடைய மனைவி கிளெமென்டைன், இண்டியானாவின் கொலம்பஸ் நகரத்து மில்லர் குடும்பத்தில் பிறந்தவர். தம்பி ஜே. அர்வின் மில்லர், கம்மின்ஸ் எஞ்சின் நிறுவனத்தின் தலைவர். நம் ஊர்த் திருமண மண்டபங்களின் பின்புறம் மின்சாரம் போனதும் உறுமும் ஜெனரேட்டரில் ஒட்டியிருக்குமே, அதே கம்மின்ஸ்.

மில்லரைப் பணக்காரத் தொழிலதிபர் என்று சொல்லி நிறுத்திவிட முடியாது. 1960 முதல் 1963 வரை அமெரிக்கத் தேசியத் திருச்சபைகள் மன்றத்தின் தலைவராக இருந்தார். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் பொதுநிலையினர், அதாவது குருவானவர் அல்லாதவர், அவர்தான். 1967இல் ‘எஸ்கொயர்’ இதழ் இவரே அடுத்த குடியரசுத் தலைவராக வேண்டும் என்று அட்டையில் போட்டது. வயலின் வாசிப்பார். சிறிய ஊரான கொலம்பஸில் தரமான கட்டடங்கள் எழ வேண்டும் என்று, பள்ளிக்கூடங்களை வடிவமைக்கும் கட்டடக் கலைஞர்களின் ஊதியத்தைக் கம்மின்ஸ் அறக்கட்டளையே ஏற்கும்படி ஏற்பாடு செய்தவர். யேலின் பழைய மாணவர். யேலை ஆளும் அறங்காவலர் குழுவிலும் இருந்தார்.

அக்காவும் தம்பியும் குடும்ப அறக்கட்டளை வழியாகக் கொடையளித்தார்கள். 1973இல் யேல் திருஇசை நிறுவனம் பிறந்தது. பேக்கரோடு இசை வரலாற்றறிஞர் ரிச்சர்ட் ஃபிரெஞ்சும், சிற்றாலயக் குருவும் வழிபாட்டியல் ஆசிரியருமான ஜெஃப்ரி ரோதார்னும் நியூ ஹேவனுக்கு வந்தார்கள். நிர்வாக அலுவலர் ஒருவரும் உடன் வந்தார். அடுத்த ஆண்டு முதல் மாணவர்கள் சேர்ந்தார்கள். மன்ஹாட்டனிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத் தூரம். ரோதார்ன் பின்னாளில் ஆயராக உயர்ந்தார், பாமாலைகளும் எழுதினார். இசைக்கலைஞர்களுக்கு வழிபாடு கற்றுத்தந்த ஒருவர் ஆயராகிப் பாட்டும் எழுதியது, டிக்கின்சன் தம்பதியருக்குப் பிடித்திருக்கும்.

இந்த நிகழ்வை மேலாண்மை வகுப்பில் நடத்தினால் ‘நிறுவனத் தொடர்ச்சித் திட்டம்’ என்று தலைப்பிடுவார்கள். நடந்தது அதுவல்ல. கணவர் வேலை பார்த்த பள்ளி அழிவதை ஒரு பெண்மணி விரும்பவில்லை. அவர் தம்பிக்கு யேலில் குரல் இருந்தது. பேக்கர் சரியான கதவைத் தட்டினார். திட்டம் என்று பார்த்தால் அவ்வளவுதான். நம் ஊர் ஆலய ஆர்கன்களும் பாட்டுப்புத்தகங்களும் எத்தனை குடும்பங்களின் ‘நினைவாக’ நிற்கின்றன என்று அவற்றின் பித்தளைத் தகடுகளைப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

பட்டம் தராத நிறுவனம்

யேலின் ஏற்பாடு யூனியனின் ஏற்பாட்டுக்கு நேர்மாறானது. யேல் திருஇசை நிறுவனம் தன் பெயரில் பட்டம் எதுவும் தருவதில்லை. 1894இல் தொடங்கிய யேல் இசைப்பள்ளியோ 1822இல் தொடங்கிய இறையியல் பள்ளியோதான் பட்டம் தரும். ஆர்கன், குழு நடத்துதல், குரலிசை படிப்பவர்கள் இசைப்பள்ளியின் தேர்வில் வென்றாக வேண்டும். வழிபாட்டியலும் சமயக் கலைகளும் படிப்பவர்கள் இறையியல் பள்ளிக்குள் நுழைந்தாக வேண்டும். இரண்டு பக்கத்து மாணவர்களையும் வாரம் ஒருமுறை ஓர் அரங்கில் சேர்ப்பது நிறுவனத்தின் வேலை. அந்தக் கூட்டு அமர்வுக்கு வராமல் இருக்க முடியாது. வழிபாட்டுக்கூடத்தின் கட்டடக்கலை, யூத வழிபாட்டு இசை, சிரிய சபைப் பாட்டு, இயேசுவின் பாடுகளைப் பாடும் பாக்கின் பாஸன் என்று எதுவும் அங்கே வரலாம். ஆர்கனிஸ்ட் இறையியல் கேட்க வேண்டும், இறையியல் மாணவன் சுரம் கேட்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாரும் சேர்ந்து வெளிநாட்டுக்குக் கல்விப் பயணம் போகிறார்கள். ஒரே பேருந்தில் பத்து நாள் உட்கார்ந்தவர்கள் பின்னாளில் சீட்டு எழுதி அனுப்பமாட்டார்கள், தொலைபேசியில் பேசுவார்கள் என்று நம்புகிறேன்.

யூனியனின் பிழையை இது எப்படித் திருத்தியது என்பது கவனிக்கத்தக்கது. நிறுவனத்துக்குத் தன் பெயரில் மூலதனம் இருக்கிறது. எனவே இறையியல் பள்ளியின் பற்றாக்குறை அதைத் தின்றுவிட முடியாது. பட்டம் தராததால் அது யாருக்கும் போட்டியில்லை. இரு பள்ளிகளுக்கும் மாணவர்களையும் பணத்தையும் கொண்டுவரும் உறவுக்காரர். சேர்ந்தவர்களுக்கு இன்று கல்விக் கட்டணம் முழுவதும் உதவித்தொகையாகக் கிடைக்கிறது. யேல் இசைப்பள்ளியே 2005இல் வந்த 10 கோடி டாலர் நன்கொடைக்குப் பின் எல்லா மாணவருக்கும் கட்டணத்தை நீக்கியது. ஆலய வேலையில் கிடைக்கும் சம்பளத்தில் கல்விக் கடனை அடைப்பது நடக்காத காரியம். இலவசக் கல்வி இல்லாமல் இந்தத் தொழிலுக்கு உயர்கல்வி பற்றிப் பேசுவதே வீண்.

கருவிகளும் பாடத்தின் பகுதி. வூல்சி அரங்கின் நியூபெர்ரி ஆர்கன், 1920களின் இறுதியில் ஸ்கின்னர் நிறுவனம் விரிவுபடுத்திய பிரம்மாண்டம். ஒரு முழு இசைக்குழுவின் நிறங்கள் அதில் உண்டு. டுவைட் சிற்றாலயத்தில் 1971இல் ஜெர்மனியின் பெக்கராத் செய்த கருவி. மார்க்வாண்ட் சிற்றாலயத்தில் 2007இல் டெய்லர் அண்ட் பூடி செய்த ஆர்கன், 17ஆம் நூற்றாண்டுச் சுருதி முறையில் அமைந்தது. நம் காதுக்குச் சில மூன்றாம் சுரங்கள் அதில் தேனாக இருக்கும், சில சுருதிகளில் போனால் ஓநாய் ஊளையிடும். ஒரு வாரத்துக்குள் மூன்றிலும் உட்காரும் மாணவனுக்கு, கருவி மாறினால் இசையே மாறிவிடும் என்பதைப் புத்தகம் இல்லாமல் விரல் சொல்லிவிடும்.

பயன் பெற்றதும் இழந்ததும்

தரத்தில் யேல் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. 2003இல் சைமன் கேரிங்டன் தொடங்கிய யேல் ஸ்கோலா கான்டோரம் இன்று உலகறிந்த பாடகர் குழு. ஆனால் எனக்கு இரண்டு உறுத்தல்கள்.

முதலாவது, நகரம். பாடத்திட்டத்தையும் ஆசிரியர்களையும் லாரியில் ஏற்றி நியூ ஹேவனுக்குக் கொண்டுபோகலாம். நியூயார்க்கை ஏற்ற முடியாது. நியூ ஹேவனிலும் நல்ல ஆலயங்கள் இருக்கின்றன, மாணவர்கள் ஞாயிறுகளில் அங்கே வேலையும் பார்க்கிறார்கள். ஆனாலும் இருபது நிமிடச் சுரங்கரயில் பயணத்தில் பேராலயம், யூத ஆலயம், ஹார்லெம் பாப்டிஸ்ட் சபை என்று எல்லாவற்றையும் கேட்கலாம் என்ற நிலை அங்கே இல்லை.

இரண்டாவது, பாதை விலகல். இசைப்பள்ளித் தேர்வில் வென்றவர்கள் கச்சேரித் தரத்தவர்கள். பழைய இசையில் தேர்ச்சி பெற்ற பாடகருக்கு ஐரோப்பிய மேடைகள் காத்திருக்கின்றன. ஓஹாயோவின் ஒரு லூத்தரன் சபையில் புதன்கிழமை மாலை சிறுவர் குழுவுக்கு ஒத்திகை நடத்த அவர் ஏன் போக வேண்டும்? யூனியனின் தனிப் பட்டம் ஒரு வகையில் அறிவிப்பு: நான் ஆலயத்துக்குப் போகிறேன். ‘மாஸ்டர் ஆஃப் மியூசிக்’ என்ற பட்டம் எங்கும் போகலாம். நிறுவனம் இதை அறியாமல் இல்லை. ஆலய இசைக்கெனத் தனிப் பாடங்களும் சான்றிதழும் வைத்திருக்கிறது. ஆனால் இழுப்பு இழுப்புதான்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பள்ளி இருக்கிறது. ஜான் ஃபின்லி வில்லியம்சன் 1926இல் ஓஹாயோவின் டேட்டனில் தொடங்கி, 1932இல் பிரின்ஸ்டனுக்குக் கொண்டுவந்த வெஸ்ட்மின்ஸ்டர் பாடகர் குழுக் கல்லூரி, 1992இல் ரைடர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 2017இல் ரைடர் அதை விற்க முயன்றது. சீன நிறுவனம் ஒன்றோடு 4 கோடி டாலருக்குப் பேசப்பட்ட ஒப்பந்தம் 2019இல் முறிந்தது. 2020இல் மாணவர்கள் பிரின்ஸ்டன் வளாகத்தைவிட்டு லாரன்ஸ்வில்லுக்கு மாற்றப்பட்டார்கள். யூனியனில் நடந்ததே மறுபடியும் நடந்தது: தாய் நிறுவனத்தின் கணக்கில் ஒரு வரியாக இருந்த பள்ளி. இம்முறை டீசல் எஞ்சின் குடும்பம் எதுவும் கதவைத் தட்டவில்லை.

வேலை எங்கே என்ற கேள்விக்கு யாரிடமும் முழு விடை இல்லை. அமெரிக்காவில் ஆலய இசைப் பணிகளில் பெரும்பாலானவை பகுதிநேரம். முதுநிலைப் பட்டதாரி ஞாயிறுகளில் ஆலயம், வாரநாட்களில் பள்ளிக்கூடம் என்று ஓடுகிறார். நம் சபைகளில் சம்பளப் பேச்சை எடுத்தாலே ‘ஊழியம்’ என்ற சொல் வந்து வாயை அடைக்கும். வங்கியிலோ பள்ளியிலோ வேலை பார்த்துக்கொண்டே ஆர்கன் வாசிக்கும் நம் ஆர்கனிஸ்டுகளுக்கு லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வுகள்தாம் பெரும்பாலும் கிடைக்கும் முறையான பயிற்சி. அந்தத் தேர்வும் அன்றைய அமெரிக்கச் சங்கத் தேர்வுபோல விரலை அளக்கும், ஆராதனையைத் தொடாது.

2018இல் யேல் திருஇசை நிறுவனம் புதிய இடத்துக்கு மாறியது. அந்தக் கட்டடத்துக்கு மில்லர் மண்டபம் என்று பெயர். மில்லர் குடும்பம் முன்னின்று கொலம்பஸில் உருவாக்கிய சபைக்கு நார்த் கிறிஸ்டியன் ஆலயம் என்று பெயர். ஈரோ சாரினென் வடிவமைத்து 1964இல் முடிந்த அறுகோணக் கட்டடம், நடுவில் வானை நோக்கிய ஊசிக் கோபுரம், உள்ளே ஹோல்ட்காம்ப் ஆர்கன். ஆள் குறைந்து அந்தச் சபை 2022இல் கலைந்தது. கட்டடம் நூலகத்தின் கைக்குப் போனது.